முதலில் மரத்தை அளங்க, அப்புறம் மெஷின் விலையைக் கேளுங்க!



வங்கியில் 34 வருஷம் வேலை பார்த்தவன் நான். அதில் பாதிக்கு மேல் விவசாயக் கடன் பிரிவு. பவர் டில்லர், கதிரடிக்கும் மெஷின், தீவனம் வெட்டும் மெஷின் என்று எத்தனையோ கடனுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ரெண்டு வருஷம் கழித்து ஆய்வுக்குப் போனால், சில மெஷின்கள் மேலே சாக்கு போர்த்தி கொட்டகை மூலையில் கிடக்கும். அதன் மேல் கோழி அடை உட்கார்ந்திருக்கும். 'எவ்வளவு வேலை இருக்கிறதென்று கணக்குப் பார்க்காமல் ஏன் வாங்குகிறார்கள்?' என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டு, வெளியே ஒன்றும் சொல்லாமல் டீ குடித்துவிட்டு வருவேன்.

ஓய்வுபெற்று அப்பாவின் ஆறு ஏக்கருக்கு வந்த பிறகு அதே தப்பை நானே செய்தேன். நம் வாசகர்களில் பலர் தோட்டத்திலேயே வீடு, மாட்டுக்கொட்டகை, விதை வைக்கும் அறை என்று கட்ட நினைக்கிறீர்கள். சொந்த மரத்தை சொந்த இடத்திலேயே அறுத்துக்கொள்ளலாமே என்ற ஆசையும் இருக்கும். வெளிநாட்டுக்காரர்கள் சின்ன மெஷினை மரத்தடிக்குக் கொண்டுபோய் வெண்ணெய் வெட்டுவதுபோல் பலகை எடுக்கும் வீடியோக்களை நானும் ராத்திரி தூங்காமல் பார்த்தவன்தான். அதனால் என் அனுபவத்தை வரவு செலவோடு எழுதுகிறேன்.

கஜா போட்டுவிட்டுப் போன மரம்

2018 நவம்பர் 16 அதிகாலை. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா புயல் கரை கடந்தது. எங்கள் ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். விடிந்து பார்த்தால் தோப்புக்குள் கால் வைக்க வழியில்லை. எழுபது தென்னைக்கு மேல் சாய்ந்து கிடந்தது. கிணற்றடி வாகை, வேலியோர வேம்பு இரண்டு, ஒரு மா. நான் வங்கியில் சேர்ந்த வருஷம் அப்பா வரப்போரம் வைத்த தேக்கில் மூன்று. பழைய மாட்டுக்கொட்டகையும் போய்விட்டது. மாடுகள் பிழைத்தது கடவுள் புண்ணியம்.

பத்து நாள் கழித்து ஒரு மர வியாபாரி வந்தார். சுற்றிப் பார்த்துவிட்டு, "ஐயா, தேக்குக்கு வேணும்னா தனி விலை போட்டுக்கலாம். மத்ததெல்லாம் விறகுதாங்க. தென்னையை அள்ளிட்டுப் போறதுக்கு நீங்கதான் எனக்குக் காசு தரணும்" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. வட்டாரம் முழுக்க மரம் கிடந்தபோது யார் விலை தருவார்கள்? நானும் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன்.

எங்கள் வீட்டு வேலை பார்க்கும் ஆசாரிதான் தடுத்தார். "சார், இதை விறகு விலைக்குக் குடுத்துட்டு, கொட்டகை போட மரவாடியில கன அடி கணக்குல மரம் வாங்கப் போறீங்களா? நீங்க பேங்க்ல இருந்தவருதானே?" என்று கேட்டார். சுருக்கென்று இருந்தது.

மலிவாக வாங்கி மாட்டிக்கொண்டது

முதலில் தேக்கை மட்டும் டிராக்டரில் ஏற்றி டவுனில் உள்ள அறுவை மில்லுக்குக் கொண்டுபோனோம். அறுப்புக் கூலி நியாயம்தான். ஏற்று கூலி, இறக்கு கூலி, டிராக்டர் வாடகை மூன்றையும் கூட்டினால் அறுப்புக் கூலியைத் தாண்டிவிட்டது. தென்னையைக் கொண்டுவர வேண்டாம் என்று மில்லில் சொல்லிவிட்டார்கள். ஆணி இருக்கும், பல்லும் சீக்கிரம் மழுங்கிப்போகும் என்றார்கள்.

அப்போதுதான் ஆன்லைனில் மலிவாக ஒரு செயின் சாவும், அதில் மாட்டிப் பலகை அறுக்கும் இரும்புச் சட்டமும் வாங்கினேன். இந்தச் சட்டத்தை 'அலாஸ்கன் மில்' என்பார்கள். செயின் சாவின் பட்டையை இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்து, வேண்டிய கனத்துக்கு உயரம் வைத்து, மரத்தின் மேல் படுக்கவைத்துத் தள்ளிக்கொண்டே போகும் கருவி. இதைவிட எளிமையான மில் கிடையாது. இரண்டு பேர் தூக்கிக்கொண்டு மரம் கிடக்கும் இடத்துக்கே போய்விடலாம்.

என் தப்பு இரண்டு. ஒன்று, வாங்கிய செயின் சா 58 சி.சி. மரத்தைக் குறுக்கே துண்டு போட அது போதும். நீளவாக்கில் பத்தடி அறுப்பது அதைவிட மிகப் பாரமான வேலை. இன்ஜின் மூச்சுத் திணறி, மூன்றாவது நாள் சூடேறி நின்றுவிட்டது. இரண்டு, கூட வந்த செயின் குறுக்கே வெட்டுவதற்கானது. அதன் பல்லை 30 டிகிரி கோணத்தில் தீட்டியிருப்பார்கள். நீளவாக்கில் அறுக்க 10 டிகிரி அளவில் தீட்டிய செயின் வேண்டும். இது தெரியாமல் அறுத்த வாகைப் பலகை ஒரு முனையில் ஒன்றரை அங்குலம், மறுமுனையில் முக்கால் அங்குலம். ஆசாரி அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது பலகையா, அப்பளமா சார்?" என்றார்.

அந்தப் பணம் போனது போனதுதான். ஆறு மாதம் அந்த மெஷினும் சாக்கு போர்த்திக் கிடந்தது. கோழி ஏறவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

மெஷின் மூன்று விதம்

அதன் பிறகு நிதானமாக விசாரித்தேன். ஓடும் மெஷின்களைப் போய்ப் பார்த்தேன். தோட்டத்துக்குத் தூக்கிப்போகும் அறுவை மெஷின்கள் மூன்று வகை.

முதலாவது நான் சொன்ன செயின் சா சட்டம். விலை குறைவு, இடம் அடைக்காது. ஆனால் ஒவ்வொரு அறுப்பிலும் 8 முதல் 10 மில்லிமீட்டர் மரம் தூளாகப் போகும். வேகமும் குறைவு. தூண், விட்டம், கைமரம் போன்ற கனமான சாமான்களுக்கு நல்லது. ஒரு அங்குலப் பலகை நிறைய வேண்டுமென்றால் இது சரிப்படாது.

இரண்டாவது பேண்ட் சா, அதாவது பட்டை ரம்பம். தண்டவாளம் போன்ற இரும்புப் படுக்கையில் மரத்தை ஏற்றி இறுக்கிக் கட்டிவிட்டு, இரண்டு சக்கரத்தில் சுற்றும் ரம்பத்தை அதன் மேல் தள்ளிக்கொண்டு போவது. அமெரிக்காவில் 1982-இல் தொடங்கிய வுட்-மைசர் கம்பெனி இந்த வகைக்குப் பேர்போனது. ஒரு அறுப்புக்கு 2 மில்லிமீட்டர் அளவுதான் தூள். பலகை வழுவழுவென்று வரும். ஆனால் விலை லட்சங்களில் போகும். படுக்கை துளி சரிந்தாலும் பலகை கோணும். ரம்பத்துக்குச் சாணை பிடித்து, பல்லை இடமும் வலமும் ஒதுக்கிக் கொடுக்க ஆள் பக்கத்தில் வேண்டும்.

மூன்றாவது, வட்ட ரம்பம் படுக்கைவாட்டிலும் செங்குத்தாகவும் திரும்பி அறுக்கும் வகை. ஆஸ்திரேலியாவின் லூகாஸ் மில் இப்படிப்பட்டது. பெரிய மரத்தை உருட்டாமல் கிடந்த இடத்திலேயே சட்டம் சட்டமாக எடுக்கலாம். தூள் நஷ்டம் சுமார் 5, 6 மில்லிமீட்டர். நம் அளவு விவசாயிக்கு இது எட்டாத விலை.

தூள் நஷ்டம் என்றால் என்ன என்று ஒரு கணக்கு. 12 அங்குலம் சதுரமாகத் திருத்திய மரத்தில் 25 மில்லிமீட்டர் கனத்தில் பலகை எடுக்கிறோம். பட்டை ரம்பத்தில் 11 பலகை வரும். 6 மில்லிமீட்டர் தின்னும் வட்ட ரம்பத்தில் 10. 9 மில்லிமீட்டர் தின்னும் செயின் சாவில் 9. பதினொன்றில் இரண்டு பலகை மண்ணில் விழுகிறது. தேக்காக இருந்தால் மனசு வலிக்கும். வேம்பு, வாகைக்குத் தாங்கிக்கொள்ளலாம்.

வங்கிக்காரன் கணக்கு

மெஷின் விலையைக் கேட்பதற்கு முன்னால் நாம் செய்ய வேண்டியது இரண்டு அளவு: என்னென்ன மரம் வேண்டும், என்னென்ன மரம் இருக்கிறது.

எங்கள் கொட்டகைக்கு ஆசாரி கொடுத்த பட்டியல் இது. 5×5 அங்குலத் தூண் 9 அடியில் எட்டு: 12.5 கன அடி. 4×3 கைமரம் 10 அடியில் இருபது: 16.7 கன அடி. 2×1 ரீப்பர் 10 அடியில் அறுபது: 8.3 கன அடி. மொத்தம் 37.5 கன அடி. உருண்டை மரத்தில் பாதிதான் சாமானாகத் தேறும் என்று வைத்துக்கொண்டால் 75 கன அடி மரம் வேண்டும்.

இருக்கும் மரத்தை அளப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. மரவாடியில் சுற்றளவை நாலால் வகுத்து, அதை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவார்கள். 48 அங்குலச் சுற்றளவு, 10 அடி நீளம் என்றால் 12×12×10, அதை 144-ஆல் வகுத்தால் 10 கன அடி. ஆனால் அந்த உருளையின் உண்மையான கன அளவு 12.7 கன அடி. சுமார் 21 சதவீதம் கணக்கிலேயே வராது. இது ஏமாற்று இல்லை, அறுப்பு நஷ்டத்தை முன்கூட்டியே கழிக்கும் பழைய வழக்கம். ஆனாலும் விற்கும்போது எந்தக் கணக்கில் விற்கிறோம் என்று தெரிந்து விற்க வேண்டும்.

இப்போது மெஷினுக்கு வருவோம். ஒரு பேச்சுக்கு, பட்டை ரம்பம் 3 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 சதவீத வட்டி 30,000. பத்து வருஷத் தேய்மானம் வருஷத்துக்கு 30,000. ஆக, மெஷின் சும்மா நின்றாலும் வருஷம் 60,000 செலவு. அதில் நான் வருஷத்துக்கு ஒரு கொட்டகை அளவு, 37.5 கன அடி அறுத்தால் ஒரு கன அடிக்கு 1,600 ரூபாய் மெஷின் செலவு மட்டும். டீசல், கூலி தனி. அதே மெஷினில் 400 கன அடி அறுத்தால் 150 ரூபாய். மெஷின் விலை மாறவில்லை, வேலைதான் மாறியது. 'மலிவான மெஷின்' என்பது விலைப்பட்டியலில் இல்லை, நம் மரக் கணக்கில்தான் இருக்கிறது.

என்னிடம் வருஷா வருஷம் 400 கன அடிக்கு மரம் ஏது? கஜா மாதிரி இன்னொன்று வந்தால்தான் உண்டு. அது வரவே வேண்டாம்.

நாங்கள் எடுத்த முடிவு

பக்கத்துத் தோட்டக்காரர்கள் இருவரும் கொட்டகை போட வேண்டிய நிலையில் இருந்தார்கள். மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம். 70 சி.சி.க்கு மேல் உள்ள நல்ல செயின் சா ஒன்று, 24 அங்குலப் பட்டை, நீளவாக்கில் அறுக்கும் செயின் மூன்று, இரும்புச் சட்டம் எல்லாம் சேர்த்து எங்களுக்கு 60,000 ரூபாய்க்குள் முடிந்தது. ஆளுக்கு 20,000. தூண், விட்டம், கைமரம் எல்லாம் தோட்டத்திலேயே. கதவு, ஜன்னலுக்கான தேக்குப் பலகைகளை மட்டும் மில்லில் அறுப்பது என்று முடிவு. தோட்டத்திலேயே நான்கு பக்கமும் சதுரமாகத் திருத்திவிட்டால் சிராம்பும் பட்டையும் வண்டி ஏறாது, வாடகையும் குறையும்.

24 அங்குலப் பட்டை என்றால் 24 அங்குல மரம் அறுக்கலாம் என்று நினைக்காதீர்கள். சட்டம் கவ்வும் இடம் போக 20 அங்குலத்துக்குள்தான் கிடைக்கும்.

முதல் அறுப்புதான் முக்கியம். உருண்டை மரத்தின் மேல் சட்டம் நேராக ஓட, நேரான அலுமினிய ஏணியை மரத்தின் மேல் வைத்து இறுக்கி, அதன் மேல் ஓட்டினோம். முதல் அறுப்பு நேராக வந்தால் மற்றதெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டு நேராக வரும். அறுத்துக்கொண்டே போகும்போது பின்னால் ஆப்பு அடித்து வந்தால் ரம்பம் கவ்வாது. ஒவ்வொரு முறை பெட்ரோல் ஊற்றும்போதும் செயினைத் தீட்டினோம். தூள் மாவாக வந்தால் மழுங்கிவிட்டது என்று அர்த்தம். செதிலாக வரவேண்டும்.

பத்தடி வாகை மரத்தில் ஓர் அறுப்புக்கு ஆறேழு நிமிஷம் ஆனது. என் கொட்டகைக்கான சாமான் முழுக்க எடுக்க இரண்டு பேருக்குப் பதினோரு நாள். வீடியோவில் பார்த்த வேகம் கிடையாது. ஆனால் முடிந்தது.

தென்னையும் ஆணியும்

தென்னையில் வைரம் உள்ளே இல்லை, வெளியே. நடுப்பகுதி பஞ்சு. வயதான மரத்தின் அடிப்பாகத்தில், வெளிவட்டத்தில் மட்டும் 4×2 சட்டங்கள் எடுத்தால் கைமரத்துக்கு நன்றாக நிற்கும். இளந்தென்னை எதற்கும் ஆகாது. தென்னையில் மணல்சத்து அதிகம் என்பதால் செயின் வேகமாக மழுங்கும். ஒரு தென்னைக்கு இரண்டு முறை தீட்ட வேண்டியிருந்தது.

ஆகாத தண்டுகளை அப்படியே போட்டுவைக்காதீர்கள். அழுகும் தண்டுக்குள் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகி, மிஞ்சிய தென்னையின் குருத்தைத் துளைக்கும். துண்டு போட்டு அப்புறப்படுத்துவது அறுப்பதைவிட அவசரமான வேலை.

ஆணி விஷயம் சொல்ல வேண்டும். வேலியோர மரத்தில் கம்பி, தென்னையில் விளம்பரத் தகடு அடித்த ஆணி, வேம்பில் மாடு கட்டிய வளையம் எல்லாம் மரத்துக்குள் புதைந்து கிடக்கும். மரத்தின் வெட்டுமுகத்தில் கருநீலக் கறை தெரிந்தால் உள்ளே இரும்பு இருக்கலாம். கையில் பிடிக்கும் சின்ன மெட்டல் டிடெக்டர் வாங்கினால் ஒரு செயின் மிச்சமாகும்.

சட்டமும் பாதுகாப்பும்

அறுவை மில் விஷயத்தில் 1996 டிசம்பர் 12 அன்று கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த உத்தரவிலிருந்து நாடு முழுக்கக் கட்டுப்பாடு இருக்கிறது. உரிமம் இல்லாமல் அறுவை மில் நடத்த முடியாது. 'டிராக்டர் பின்னால் கட்டி இழுத்துப்போகும் மெஷின்தானே' என்று லட்சங்களைப் போட்டு வாங்கி, ஊருக்கெல்லாம் கூலிக்கு அறுக்க இறங்கிவிடாதீர்கள். சொந்த உபயோகமா, கூலிக்கா, எந்த மெஷின் என்று விவரமாக எழுதி வனச்சரக அலுவலகத்தில் கேளுங்கள். மனு நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். நாங்களும் செயின் சாவையும் சேர்த்துக் கேட்ட பிறகே தொடங்கினோம்.

தேக்கு வெட்டவும், தோட்டத்தைவிட்டு வெளியே கொண்டுபோகவும் என்ன அனுமதி வேண்டும் என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள். சந்தனம், ஈட்டி இரண்டிலும் பட்டா நிலம் என்ற தைரியத்தில் கை வைக்கக் கூடாது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்தது.

பாதுகாப்பை நான் பட்டுத்தான் கற்றேன். இரண்டாம் நாள் உதவிக்கு நின்ற தம்பியின் லுங்கி நுனியைச் செயின் இழுத்துவிட்டது. அவன் சட்டென்று பின்னால் விழுந்ததால் தொடை தப்பியது. அன்று வேலையை நிறுத்திவிட்டு டவுனுக்குப் போய் கனமான பேன்ட், பூட்ஸ், கண்ணாடி, காது மூடி, முகமூடி எல்லாம் இரண்டு ஜோடி வாங்கி வந்தேன். வேட்டி, லுங்கி, தோளில் துண்டு எதுவும் மெஷின் பக்கம் வரக் கூடாது. தனியாளாக அறுக்கவே கூடாது. என்னைப்போல் அறுபது தாண்டியவர்கள் கணக்கு நோட்டைப் பிடித்துக்கொண்டு தள்ளி நிற்பதே உத்தமம். வீட்டுக்காரம்மா இந்த விஷயத்தில் கண்டிப்பாக இருந்தார்.

அறுத்தால் மட்டும் போதாது

பச்சை மரத்தை அறுத்த கையோடு அடித்தால் ஆறே மாதத்தில் முறுக்கிக்கொள்ளும், வெடிக்கும். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் சமமாகக் கட்டை போட்டு, பலகைகளுக்கு நடுவே இரண்டடிக்கு ஒன்றாக ஒரே கனமுள்ள இடைக்குச்சி வைத்து, நிழலில் காற்றோட்டமாக அடுக்க வேண்டும். கீழடுக்குக் குச்சிக்கு நேர் மேலே மேலடுக்குக் குச்சி வரவேண்டும். வெட்டுமுனைகளில் பெயின்ட் பூசினால் வெடிப்பு குறையும். உச்சியில் பாரம் ஏற்றுங்கள். கைமரங்களை ஐந்து மாதம் காயவிட்டோம். தேக்குப் பலகை ஒரு வருஷம் காய்ந்தது.

கறையானுக்குத் தூணின் அடியில் முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசினோம். கையுறை இல்லாமல் தொடாதீர்கள், தோலைச் சுட்டுவிடும். தூணை மண்ணில் புதைக்காமல் கான்கிரீட் பீடத்தில் நிறுத்தினோம். அறுத்த தூளை மாடு படுக்கும் இடத்தில் பரப்பி, சாணமும் மூத்திரமும் ஊறிய பிறகு எருக்குழியில் தள்ளினோம். பச்சைத் தூளை நேராக வயலில் கலந்தால் அது மட்கும்போது பயிருக்குரிய தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும்.

வாங்குவதற்கு முன் ஏழு கேள்விகள்

1. அடுத்த மூன்று வருஷத்தில் எத்தனை கன அடி சாமான் வேண்டும்? ஆசாரியை உட்காரவைத்து எழுதுங்கள்.
2. அதில் கனமான சட்டம் எவ்வளவு, மெல்லிய பலகை எவ்வளவு?
3. என் மரத்தில் பெரியதன் குறுக்களவு எவ்வளவு? மெஷின் அதை விழுங்குமா?
4. மரத்தை மெஷினிடம் உருட்ட ஆள் இருக்கிறதா, இல்லை மெஷின் மரத்திடம் போகுமா?
5. சாணை பிடிப்பவரும் உதிரி பாகமும் எத்தனை கிலோமீட்டரில்?
6. பங்கு சேர எத்தனை பேர்? யார் ஓட்டுவது, யார் பழுது பார்ப்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாயிற்றா?
7. வனத்துறையில் கேட்டாயிற்றா?

ஏழுக்கும் பதில் எழுதிய பிறகு பாதிப் பேருக்கு மெஷினே வேண்டாம் என்று தெரிந்துவிடும். பக்கத்து மில்லே போதும் என்று முடிவாகலாம். அதுவும் லாபம்தான்.

எங்கள் கொட்டகை நின்று சில மழைக்காலம் ஆகிவிட்டது. கைமரம் எதுவும் கோணவில்லை. அப்பாவின் தேக்கு வீட்டு நிலையாகவும் கதவாகவும் இருக்கிறது. செயின் சா இப்போது மூன்றாவது பங்காளி வீட்டில் ஓடுகிறது. முதலில் வாங்கிய 58 சி.சி. மெஷினைப் பழுதுபார்த்து மட்டை, கிளை வெட்ட வைத்திருக்கிறேன். அந்த இருபது ரூபாய் வேலைக்கு நான் கொடுத்த விலை ஜாஸ்திதான். நீங்கள் கொடுக்க வேண்டாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு டேப்பும் நோட்டும் எடுத்துக்கொண்டு தோட்டத்தைச் சுற்றி வாருங்கள். மெஷின் கடைக்கு அப்புறம் போகலாம்.